விட்டுப்போன ‘ங்க’

போன ஞாயிற்றுக்கிழமை பீளமேட்டு நெரிசலில் காரோடு மாட்டிக்கொண்டிருந்தபோது செல்வராசு கூப்பிட்டான். அவன் வீட்டு விருந்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தோம். ஸ்பீக்கரில் போட்டேன். “எங்கடா தொலஞ்சே? பிரியாணி ஆறுது!” என்று கத்தினான். பின்சீட்டில் இருந்த மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். “அப்பா, உங்களையும் ‘டா’ போட ஆளிருக்கா!” இருக்கிறது அம்மணி. அதுவும் நான் கேட்டு வாங்கிய ‘டா’.

எங்கள் ஊர்ப் பெருமை உங்களுக்குத் தெரியுமே. கோயமுத்தூர்க்காரன் திட்டினாலும் ‘ங்க’ போட்டுத்தான் திட்டுவான். நான் அதில் ஒரு படி மேல். நாய் குறுக்கே வந்தால்கூட “தள்ளிக்கங்க” என்பேன் என்று வீட்டில் கேலி செய்வார்கள்.

முதல் வேலை பீளமேட்டில் ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில். என் மேசையில் ஒரு கறுப்புப் போன். அதில் பேசுகிற பக்கத்தில், எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவரின் வெற்றிலை வாசனை போகவே போகாது. அடுத்த கட்டடத்தில், நான் வாங்கி அனுப்பும் சரக்கைச் சோதித்துப் பார்க்கப் புதிதாக ஒருவர் வந்திருந்தார். முகம் பார்த்ததில்லை, எனக்கு அவர் ‘செக்கிங் சார்’. “ஏனுங்க, உங்க பேரிங்கு பூரா துரு புடிச்சிருக்குதுங்க” என்பார். “அது துரு இல்லீங்க, மருதாணிங்க” என்பேன். ஒரு மாதம் இப்படியே சிரித்துச் சிரித்து வேலை பார்த்தோம். காலையில் ஆபீசுக்குக் கிளம்புவதே அந்தக் குரலுக்காக என்று ஆகிவிட்டது.

ஒரு நாள் கேன்டீனில், எண்ணெய் வாசனைக்கு நடுவில், அந்தக் குரல் போண்டாத் தட்டோடு என் எதிரில் வந்து நின்றது. பார்த்தால் செல்வராசு! கிணத்துக்கடவில் எங்கள் தென்னந்தோப்பில் வேலை செய்த பழனியின் மகன். “அட, நீயாடா!” என்றேன். சத்தியமாகச் சந்தோஷத்தில்தான் சொன்னேன். “ஆமாங்க” என்றான். போண்டாவைத் தின்னாமலே போய்விட்டான்.

மறுநாளிலிருந்து போனில் “செரிங்க”, “பாக்கறனுங்க”, அவ்வளவுதான். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அப்படி என்ன சொல்லிவிட்டேன்? வாயில் தானாக வந்தது! அங்கேதான் உறைத்தது. ஒரு மாதமாகத் தானாக வந்துகொண்டிருந்த ‘ங்க’, யார் மகன் என்று தெரிந்த நொடியில் தானாகக் கழன்றிருக்கிறது. ஏழு வயதில், என் அப்பா வயதிருந்த அவன் அப்பாவை “ஏய் பழனி, எளநி போடு” என்று விரட்டியவன்தானே நான். நாய்க்கு ‘ங்க’ போட்ட வாய் இது. வெட்கமாக இருந்தது.

நேராக அவன் கட்டடத்துக்கே போனேன். “தப்புப் பண்ணிப்போட்டனுங்க. மன்னிச்சுக்கங்க.”

கையிலிருந்த பேரிங்கைக் கீழே வைக்காமலே சொன்னான். “ரெண்டு பக்கமும் ‘ங்க’ இருக்கோணும். இல்லீன்னா ரெண்டு பக்கமும் ‘டா’ இருக்கோணும். ஒரு பக்கம் மட்டும் ஆகாதுங்க.”

“அப்ப ‘டா’வே போட்டுருங்க.”

இப்போதுதான் பேரிங்கைக் கீழே வைத்தான். “முடியுமாடா உன்னால?”

அந்த முதல் ‘டா’ சுருக்கென்றுதான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

அவன் அப்பா விஷயம் அவ்வளவு எளிதாக இல்லை. அந்த வாரமே மகனைப் பார்க்கக் கம்பெனி வாசலுக்கு வந்தார். “வாங்க, உள்ள வாங்க” என்றேன். அவர் திரும்பித் தன் முதுகுக்குப் பின்னால் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. “ஆரைங்க சாமி கூப்புடறீங்க?”

“உங்களத்தானுங்க.”

சிரித்தார். நம்பவில்லை. பிறகு எத்தனையோ வருஷம், செல்வராசு வீட்டு விசேஷங்களில் நான் ‘வாங்க’ என்றால், ஒரு தரம் பின்னால் பார்த்துவிட்டுத்தான் வருவார். “உங்களத்தானுங்கப்பா!” என்று மகன் தலையில் அடித்துக்கொள்வான்.

அந்தக் கம்பெனி இருந்த இடத்தில் இப்போது கண்ணாடிக் கட்டடம். கறுப்புப் போன் எந்தக் காயலான் கடையில் கிடக்கிறதோ. பழனி ஐயா போய் மூன்று வருஷம் ஆகிறது. ஞாயிறன்று, தாமதமாக வந்ததற்குத் தண்டனையாக, செல்வராசு என்னை வாசலில் நிறுத்திவிட்டான். வந்தவர்களை எல்லாம் நான்தான் “வாங்க, வாங்க” என்று கூப்பிட்டேன். எல்லோரும் நேராக உள்ளே வந்தார்கள். ஒருவர்கூடப் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை.