பதிவேட்டில் எல்லோருக்கும் சித்தி

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, காபி ஆறிக்கொண்டிருந்த நேரத்தில் தொலைபேசி ஒலித்தது. திருநின்றவூரிலிருந்து செல்வி பேசினார். "சார், சித்தி பூட்டாங்க" என்றார். யாருடைய சித்தி இறந்துவிட்டார் என்று நான் கேட்கவில்லை. செல்விக்கு ரத்த உறவில் சித்தி யாரும் கிடையாது. அந்த உறவை முதன்முதலாகக் காகிதத்தில் எழுதியவனே நான்தான்.

அந்தச் சித்தியான ரெஜினா அம்மாளைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் நிறைய இருக்கிறார்கள். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு பிள்ளை பெற்ற நீங்கள்தான் அவர்கள். நான் பிரசவ அறைக்குள் ஒருநாளும் கால் வைத்தவனல்ல. அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையில், ரயில் பாதையை ஒட்டி இருந்த பிரசவ ஆஸ்பத்திரியில் பதிவு எழுத்தராக இருந்தேன். உள்ளே போகிறவர்களின் பெயரை வெளியே மேசையில் உட்கார்ந்து எழுதியவன், அவ்வளவுதான். இருந்தும், "நீங்கதான் சார் எல்லாத்தையும் வரிசையா ஞாபகம் வெச்சிருப்பீங்க" என்று செல்வி சொல்லிவிட்டார். வரிசை நினைவிருக்கிறது. மற்றது சரியாக வருமா என்று தெரியவில்லை. பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் நடுவில் ஒரு பிற்பகல். பிரசவ அறையின் பின்பக்கச் சுவரோரம் யாரோ நின்று பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று ஆயா வந்து சொன்னார். போய்ப் பார்த்தேன். இரண்டு செங்கற்களை அடுக்கி, அதன்மேல் ஏறி நின்று, ஜன்னல் கம்பிக்கு அருகே வாயை வைத்து ஒரு பெண்மணி உள்ளே பேசிக்கொண்டிருந்தார். அவர்தான் ரெஜினா அம்மாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிஸ்கட் கம்பெனியில் பாக்கிங் வேலை. காலை ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தார். சீருடைப் புடவையைக்கூட மாற்றியிருக்கவில்லை. உள்ளே முதல் பிரசவத்துக்காக வலியில் கிடந்தவர் செல்வி. இருவரும் ஒரே லைன் வீட்டில் அடுத்தடுத்த அறைகளில் குடியிருந்தார்கள். செல்வியின் தாயார் விழுப்புரத்துக்கு அப்பால் ஒரு ஊரில் இருந்தார். கணவர் லோடு ஏற்றப் போயிருந்தார்.

"இப்போ போச்சே, அது அரக்கோணம் வண்டி. அடுத்து ஆவடி வண்டி வர்றதுக்குள்ள ரெண்டே வலி. அவ்ளோதான். நா எண்றேன், நீ மூச்சு வுடு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இங்கே நிற்கக் கூடாது என்று சொன்னேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"உள்ள வுடமாட்டேன்னாங்க, வெளிய வந்து நின்னேன். வெளியும் கூடாதுன்னா அந்தப் பொண்ணு யார்கிட்ட சார் கத்தும்?"

விதியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். பதில் தெரியாதபோதெல்லாம் நான் சொல்வது அது. "பாத்துட்டு வாங்க. நா இங்கியேதான் கீறேன்" என்றார்.

உண்மையாகவே போய்ப் பார்த்தேன். பிரசவ அறை வாசலில் தொங்கிய பலகையில் 'எவருக்கும் அனுமதி இல்லை' என்றிருந்தது. அந்த வாசகத்தை எழுதிக் கொடுத்தவன் நான். ஆனால் விதிப் புத்தகத்தில் அதற்கு அடுத்தாற்போல் இன்னொரு வாக்கியமும் இருந்தது: தேவையெனில் பெண் உறவினர் ஒருவரை மருத்துவ அதிகாரி அனுமதிக்கலாம். பலகையில் இடம் போதாததால் அதை நான் விட்டிருந்தேன். டாக்டரம்மாவிடம் பேசத் தெரிந்த வீட்டுப் பெண்களுக்கு அந்த வாக்கியம் எப்படியோ தெரிந்திருந்தது. அவர்களுடைய தாயார்கள் உள்ளே போய்வந்தார்கள். தாய் தொலைவில் இருப்பவர்களுக்கும், வாசலில் கைகட்டி நிற்பவர்களுக்கும் அந்தப் பலகைதான் விதி. அவர்கள் தனியாகக் கிடந்து பெற்றார்கள். எத்தனை பேர் என்று கணக்கிட எனக்கு இன்றுவரை துணிவு வரவில்லை.

டாக்டரம்மா கெட்டவர் அல்ல. அவருக்கு நேரம் இல்லை. "உறவுன்னா எழுதிட்டு உள்ள அனுப்புங்க" என்றார். பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கே போய், நீங்கள் செல்விக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். ரெஜினா அம்மாள் முதல் முறையாக என் பக்கம் திரும்பினார். பொய் சொல்லவும் மனமில்லை, போகவும் மனமில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அப்போது ஜன்னலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, வலிக்கு நடுவே, செல்வியின் குரல் வந்தது.

"சித்தின்னு எழுதிக்குங்க சார்."

எழுதினேன். அதன் கீழே சின்ன எழுத்தில் 'நோயாளி கூற்றுப்படி' என்றும் சேர்த்தேன். அதைச் சேர்த்தால் பொய் என்னுடையது ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அன்று தொடங்கியது. ஷிப்ட் முடிந்ததும் வருவார். துணை இல்லாமல் வந்திருப்பது யார் என்று ஆயாவிடம் கேட்பார். அந்தப் பெண்ணோடு வராந்தாவில் நடப்பார். பிறகு என் மேசைக்கு வந்து நிற்பார்; அந்தப் பெண் 'சித்தி' என்பார்; நான் எழுதுவேன். பூந்தமல்லிப் பக்கமிருந்து நூர்ஜகான் என்ற பெண் பிரசவத்துக்கு வந்த நாளில் மட்டும் என் பேனா நின்றது. ரெஜினா அம்மாளின் கழுத்தில் சிலுவை தொங்கியது. இது எப்படிப் பொருந்தும் என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"ஏன் சார், எங்க அக்கா பூந்தமல்லிக்கு ஓடிப்போயி கட்டிக்கினு இருந்தா நீங்க தடுத்திருப்பீங்களா?" என்றார். நூர்ஜகான் அந்த வலியிலும் சிரித்துவிட்டார். நான் எழுதினேன்.

உள்ளே அவர் என்ன செய்தார் என்பதைப் பிரசவ அறை நர்ஸ் தனலட்சுமி சிஸ்டர் சொல்லித்தான் அறிவேன். முதுகை நீவி விடுவார். ஈரத்துணியால் உதட்டைத் துடைப்பார். சிஸ்டர் சொல்வதை அந்தப் பெண்ணுக்குப் புரியும்படி சொல்வார். அந்தப் பெண் கேட்கக் கூசுவதைச் சிஸ்டரிடம் கேட்பார். மருத்துவம் எதுவும் செய்யமாட்டார். ஆரம்பத்தில் சிஸ்டருக்கு அவரைக் கண்டாலே ஆகாது. நீ என்ன டாக்டரா என்று ஒருநாள் கேட்டிருக்கிறார். "இல்ல சிஸ்டர். கால்மாடு உங்களுது. நா தலைமாட்டுல நிக்கறவ" என்றாராம். அந்த எல்லையை அவர் ஒருநாளும் தாண்டவில்லை என்று சிஸ்டர் பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

வலிகளை ரயில் வண்டிகளால் அளப்பதை அவர் விடவே இல்லை. கடிகாரத்தைக் காட்டினால் பெண்கள் பயப்படுகிறார்கள், வண்டி என்றால் அது வந்துதான் தீரும் என்று நம்புகிறார்கள் என்பார். ஆனால் அவர் சொல்லும் வண்டி நேரங்கள் பெரும்பாலும் தவறு. எனக்கு அது பொறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டேஷனுக்குப் போய், எங்கள் ஜன்னலைத் தாண்டும் வண்டிகளை எல்லாம் ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதிக்கொண்டு வந்து கொடுத்தேன். வாங்கிப் பார்த்தார். "நல்லாதான் கீது. வண்டி லேட்டா வந்தா இன்னா சார் பண்றது?" என்றார். அதற்கும் ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தேன். அந்தத் தாளை ஜாக்கெட்டுக்குள் மடித்து வைத்துக்கொண்டு பல வருடம் உள்ளே போய்வந்தார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கம்பெனியை மூடிவிட்டார்கள். வேறு வேலை தேடுவார் என்று நினைத்தேன். வீட்டில் கொஞ்சம் தையல் வேலையை வைத்துக்கொண்டு, காலையிலேயே ஆஸ்பத்திரிக்கு வர ஆரம்பித்தார்.

இனி எழுதப்போவது நான் செய்த தவறு. துணைக்கு வருபவர்களின் பெயர்கள் பதிவேட்டில் சிதறிக் கிடப்பது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. யாரும் கேட்காமலே, ஓய்வு நேரத்தில் அகர வரிசையில் ஒரு பெயர் அட்டவணை தயாரித்துப் பதிவேட்டின் கடைசியில் ஒட்டினேன். மாவட்ட அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி ஆய்வுக்கு வந்தபோது, அதை நானே திறந்து அவர் முன்னால் வைத்தேன். பாராட்டை எதிர்பார்த்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

அவர் நிதானமாகப் புரட்டினார். 'ர' வரிசையில் நின்றார். அங்கே ஒரே பெயர், ஒரே உறவு, இரண்டு பக்கங்களுக்கு இருந்தது.

"இந்த அம்மாவுக்கு எத்தனை அக்கா?" என்று கேட்டார்.

ரெஜினா அம்மாளை அழைத்துவரச் சொன்னார். ஆயா போய்விட்டுத் தனியாகத் திரும்பிவந்தார். குழந்தையின் தலை தெரிகிறதாம், பிறந்ததும் வருகிறாராம். அதிகாரி காத்திருந்தார். அந்த அரை மணியில் நான் என் பணி, ஓய்வூதியம், மகளின் கல்யாணம் எல்லாவற்றையும் மனதுக்குள் இழந்து முடித்திருந்தேன். அவர் இனி உள்ளே போக முடியாது என்பதும், மறுபடி இரண்டு செங்கற்கள்தான் என்பதும் அதற்குப் பிறகுதான் உறைத்தது. என் நினைப்பு வந்த அந்த வரிசைக்காக இப்போதும் வெட்கப்படுகிறேன்.

ஈரக்கையைப் புடவையில் துடைத்தபடி அவர் வந்தார். இவர்கள் எல்லாரும் உங்கள் அக்கா பெண்களா என்று அதிகாரி கேட்டார். ரெஜினா அம்மாள் அட்டவணையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நொடியில் புரிந்துகொண்டார்.

"சாருக்கு ஒண்ணும் தெரியாது ஐயா. நாதான் பொய் சொன்னேன். அவரு நான் சொன்னத எழுதினாரு."

நான் தப்பிக்க வழி திறந்திருந்தது. 'நோயாளி கூற்றுப்படி' என்ற சின்ன எழுத்துகள் அதற்காகத்தான் அங்கே இருந்தன.

"எனக்குத் தெரியும் ஐயா" என்றேன். என் குரல் எனக்கே கேட்டதா என்று சந்தேகம். அதனால் மறுபடியும் சொன்னேன். "தெரிந்துதான் எழுதினேன்."

அதிகாரி என்னை விட்டுவிட்டு, வாசலில் நின்ற தனலட்சுமி சிஸ்டரிடம் திரும்பினார். இந்த அம்மாவால் உங்களுக்கு இடைஞ்சல் உண்டா என்று கேட்டார். சிஸ்டர் யோசித்துத்தான் பேசினார்.

"முன்னெல்லாம் நாலு கட்டிலுக்கு நான் ஒருத்தி கத்திக்கிட்டே இருப்பேன் ஐயா. அதுங்களும் கத்தும். இப்போ யாரும் கத்தறதில்ல."

ரெஜினா அம்மாள் அதற்குமேல் ஒரு வார்த்தைதான் சேர்த்தார். "வலிய நாம எடுத்துக்க முடியாது ஐயா. தனியா வுட்டது நாமதானே. அத்த மட்டும் எடுத்துடலாம்." முன்கையில் அப்போதுதான் பதிந்த நகத் தடங்கள் சிவந்திருந்தன. அவர் அதைக் காட்டவில்லை. எல்லோரும் பார்த்தோம்.

அதிகாரி பதிவேட்டை மூடினார். பொய்யை இப்படி அகர வரிசையில் அடுக்கிவைத்த ஆளை என் சர்வீஸில் பார்த்ததில்லை என்று என்னிடம் சொன்னார். பிறகு, விதியில் 'உறவினர்' என்ற சொல்தான் தொல்லை என்றால் அதை மாற்றக் கேட்டு ஒரு குறிப்பு எழுதுங்கள், நான் கொண்டுபோகிறேன் என்றார். அன்று மாலைக்குள் பதினொரு முறை திருத்தி எழுதினேன். 'நோயாளி விரும்பும் பெண் ஒருவர்' என்பது அதில் இருந்த வாசகம். சில மாதங்களில் அனுமதி வந்தது. புதுப் பலகை எழுதினோம். இந்த முறை பெரிய பலகையாகக் கேட்டேன்.

அதன்பிறகு ரெஜினா அம்மாள் ஒருவராக இல்லை. பட்டாபிராமிலிருந்தும் ஐயப்பன்தாங்கலிலிருந்தும் பெண்கள் வந்து அவரோடு தலைமாட்டில் நின்று பழகிக்கொண்டார்கள். செல்வி வந்தார். மூன்றாவது பிள்ளைக்குப் பிறகு நூர்ஜகானும் வந்தார். ஒரு பிரசவத்தில் குழந்தை தங்கவில்லை. உறவினர்கள் வெளியே யார்மீது குற்றம் என்று பேசிக்கொண்டிருக்க, அந்தத் தாயோடு மாலைவரை உட்கார்ந்திருந்தவர் ரெஜினா அம்மாள் மட்டுமே. வெளியே வந்தபோது, "புள்ள இல்லன்னா அவ பெத்தவ இல்லன்னு ஆயிடுமா சார்?" என்று கேட்டார். இந்த முறை விதியைப் பார்க்கிறேன் என்று நான் சொல்லவில்லை. பெண் குழந்தைக்குத் தன் பெயரை வைக்கப் போவதாக யாராவது சொன்னால் மட்டும் அவருக்குக் கோபம் வரும். "ஒரு ரெஜினா போதும்மா இந்த லைனுக்கு" என்பார்.

பட்டாபிராம் சர்ச்சில் அடக்கத் திருப்பலி நடந்தது. அவருக்குப் பிள்ளைகள் இல்லை, உங்களுக்குத் தெரியும். கோயிலில் உட்கார இடம் இல்லாமல் பெண்கள் வெயிலில் நின்றார்கள். முக்காடு போட்டவர்கள், பொட்டு வைத்தவர்கள், வளர்ந்த பிள்ளைகளைக் கூட்டிவந்தவர்கள். நான் தூண் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆயுளில் அவ்வளவு பெருமையாக நான் எங்கும் நின்றதில்லை.

அடக்கம் முடிந்ததும் சர்ச்சை ஒட்டிய பங்கு அலுவலகத்தில் பதிவு எழுதக் கூப்பிட்டார்கள். கண்ணாடி போட்ட நடுவயது எழுத்தர். எழுதும் முறையைப் பார்த்தால் ஒழுங்கானவர் என்று தெரிந்தது. இறந்தவருக்கு உறவு என்ன என்று கேட்டார். "அக்கா பொண்ணு" என்றார் செல்வி. "நானும்" என்றார் நூர்ஜகான். பின்னால் நின்ற இன்னும் நான்கைந்து பேரும் அதையே சொன்னார்கள். எழுத்தர் பேனாவை நிறுத்தி, பெண்களை ஒருமுறை பார்த்துவிட்டு, வயதானவன் என்பதால் என்னிடம் திரும்பினார்.

"சார், இது சரிதானா? உங்களுக்குத் தெரியுமா?"

அந்த ரயில் நேரத் தாள் இப்போது என்னிடம் இருக்கிறது. அவருடைய பைபிளுக்குள் இருந்ததென்று செல்வி கொடுத்தார். மடிப்புகளில் கிழிந்து, வியர்வையில் என் எழுத்துகள் பாதி கரைந்திருக்கின்றன. அதிலுள்ள ஒரு வண்டியும் இன்று அந்த நேரத்தில் ஓடவில்லை. அதைப் பத்திரப்படுத்தியிருக்கிறேன். ஆனால் அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தத் தாள் அல்ல. முன்பு ஒருமுறை அவருக்காகச் சொன்ன வார்த்தைதான். அன்று பங்கு அலுவலகத்தில் அது மறுபடி வந்தது. குரல் நடுங்கவில்லை.

"எனக்குத் தெரியும். எழுதுங்கள்" என்றேன்.