பத்துபஸ்தி வீட்டு ஆலமரம்

என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்பது இன்றைக்கும் பிடிபடவில்லை. திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லக் கூச்சப்படுகிறவன், அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தமான் போர்ட் பிளேரில் எனக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை. பத்துபஸ்தியில் ஒரு வங்காளி அம்மாவின் வீட்டுப் பின்னறையில் குடியிருக்கிறேன். எல்லோரையும் போல நானும் தீதி, அதாவது அக்கா, என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். டீச்சராக இருந்தவர், கணவர் இறந்துவிட்டார். அந்த வீட்டுக்குள் ஓர் ஆலமரம் இருக்கிறது. ஒரு முழம்கூட இல்லை. சோற்றுத்தட்டு அளவுத் தொட்டியில், விழுதோடு, கணவரின் அறையில் திரை போட்ட ஜன்னல் ஓரம். முதலில் பார்த்தபோது நிஜ மரம்தானா என்று விழுதைத் தொட்டுப் பார்த்தேன். எங்கள் பரமக்குடிப் பக்கம் ஆலமரத்தடியில் பஸ்ஸே நிற்கும். இங்கே அதை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்துகிறார்கள்.

கண் ஆபரேஷனுக்காகத் தீதி கொல்கத்தாவில் இருக்கும் மகனிடம் போனார். சாவியைத் தரும்போது மரத்தைக் காட்டி, "அது அங்கேயே இருக்கட்டும், நகர்த்தாதே" என்று இந்தியில் சொன்னார். அப்போதே இலைகள் மஞ்சளாகியிருந்தன. "பானி?" என்று, தண்ணீர் ஊற்றட்டுமா என்ற அர்த்தத்தில் கேட்டேன். தலையை ஒரு மாதிரி அசைத்தார். சரி என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

வறண்ட சீமையில் பிறந்தவனுக்கு வாடின செடியைக் கண்டால் தாகம் என்றுதான் தோன்றும். என் படிப்பு நின்றதே ஊருணியிலிருந்து வீட்டுக்குத் தண்ணீர் சுமக்கத்தான். தண்ணீர் குடித்துச் செத்த மரத்தை எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை. காலையும் மாலையும் ஊற்றினேன். வேலைக்குப் போகும்போது தொட்டி ததும்ப நிறுத்திவிட்டுப் போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறந்தால் தரையெல்லாம் இலை. மரத்தில் ஒன்றுகூட இல்லை. மண்ணில் விரலை விட்டேன், சாக்கடை நாற்றம். செத்துப்போன மனிதர் விட்டுப்போனதைத் தண்ணீர் ஊற்றியே கொன்றுவிட்டேனே என்று தொட்டியைத் தூக்கினேன்.

அபர்டீன் பஜாருக்கு டவுன் பஸ் ஏறி, மரத்தை மடியில் வைத்துக்கொண்டேன். கண்டக்டர் குனிந்து பார்த்து, "இஸ்கா பீ டிக்கெட்?" என்றான், இதுக்கும் டிக்கெட்டா என்று. பஸ்ஸே சிரித்தது. பஜாரில் செடி விற்கும் புஷ்பம் அக்கா பக்கத்துச் சௌல்தாரி கிராமத்துக்காரர். இலங்கையில் தேயிலை மலையில் பிறந்தவர்.

"என்ன தம்பி, குளிப்பாட்டிக் குளிப்பாட்டி மரத்துக்குச் சன்னி புடிக்க வச்சிட்டீங்களா?"

"பொழைக்குமாக்கா?"

நகத்தால் பட்டையைச் சுரண்டினார். உள்ளே பச்சை. "உசிரு இருக்கு. வேர வெட்டணும்."

"வேரையா!"

"மலையில தேயிலைய மொட்டையா கவ்வாத்து வெட்டுவாங்க, அப்புறந்தான் கொழுந்து வரும். இதுக்குக் கீழ கவ்வாத்து. பாக்க முடியலன்னா அந்தப் பக்கம் திரும்பிக்குங்க."

திரும்பிக்கொண்டேன். கறுத்த வேரை வெட்டி, வெள்ளை வேரை விட்டு, பருமணலில் நட்டுக் கொடுத்தார். "வெளிச்சத்துல வைங்க. மண்ணு காயாம தண்ணிப் பக்கம் போகாதீங்க."

தீதியின் பேச்சை மீறி வராந்தாவில் வைத்தேன். மழைக்காலம் பாதி போனபோது கிளை நுனியில் சிவப்பாக ஒரு மொட்டு. சந்தோஷம் தாங்காமல் ஊருக்குப் போன் போட்டேன். "பொண்ணு பரீட்சைக்குக்கூட நீங்க இப்படிப் பதறல" என்றாள் என் மனைவி. "அது கெடக்கட்டும், எப்ப வர்றீங்க?" இந்த வேலை முடியட்டும் என்றேன். பெண் தவழ்ந்த காலத்திலிருந்து இதே பதில்தான்.

தீதி கறுப்புக் கண்ணாடியோடு வந்து இறங்கினார். வராந்தாவில் மரத்தைப் பார்த்ததும் நின்றார். தளிரைத் தொட்டார். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"இதைப் பிழைக்க வைக்கச் சொன்னது யார்?"

என் இந்திதான் காலை வாரிவிட்டது என்று நினைத்தேன். இல்லை. மெதுவாகச் சொன்னார். இந்த மரம் இருக்கிறவரை வீட்டை விட்டுப் போகாதே என்று கணவர் சாகும்போது சத்தியம் வாங்கியிருக்கிறார். மகனோ வருஷக்கணக்காகக் கூப்பிடுகிறான். தன் கையால் வெட்ட மனம் வரவில்லை. அதனால் இருட்டறையில் வைத்துவிட்டுக் காத்திருந்திருக்கிறார். அன்றைக்குத் தலையை அசைத்தது வேண்டாம் என்பதற்கு. கொல்கத்தாவில் அவருக்கென்று அறைகூடத் தயாராம்.

சாவியை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தேன். "மாஃப் கீஜியே, தீதி" என்று மன்னிப்புக் கேட்டேன். கண்ணாடிக்கு அடியில் துடைத்துக்கொண்டே சிரித்தார். "உன்னை எந்த மரம் பிடித்து வைத்திருக்கிறது? நீ ஏன் போகவில்லை?"

இந்த வேலை முடியட்டும் என்று அவரிடமும் சொன்னேன். அவர் கொண்டுவந்த பெட்டி வராந்தாவிலேயே இருக்கிறது. திறக்கவும் இல்லை, திருப்பிக் கொண்டுபோகவும் இல்லை. வெயில் அங்கேதான் விழுகிறது என்று அதன் மேலேயே மரத்தை வைத்துவிட்டார். தினமும் வேலைக்குப் போகுமுன் மண்ணில் விரல் வைத்துப் பார்க்கிறேன். இலை உதிர்ந்தாலும் பயமாக இருக்கிறது, துளிர்த்தாலும் பயமாக இருக்கிறது.

எழுதி முடித்தது: பத்துபஸ்தி, ஆவணி பத்தாம் தேதி.