பதினான்காம் தகவலாளி

எல்கடுவைக்கு மேலே இருக்கிற ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து பல்கலைக்கழகப் படி மிதித்த முதல் ஆள் சாம்பவி. இப்போது சமூக அந்தஸ்தையும் ஏற்றத்தாழ்வையும் பற்றிக் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறாள். நாற்பது பேரிடம் கேள்வி கேட்டாள். பதினான்காவது ஆள் அவளுடைய சொந்த அத்தை நேசம்மா.

முட்டி தேய்ந்து மலையேற முடியாமல் கொழுந்து பறிப்பதை விட்ட நேசம்மா, பன்னிரண்டு வருஷமாகத் தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் வீட்டில் சமைத்து வயிற்றைக் கழுவிவந்தாள்.

"அங்க எதுல உக்காருவீங்க அத்தை?"

"குசினியில, நீல ஸ்டூலுல. ஒரு காலு வெடிச்சிக் கம்பி கட்டியிருக்கும்."

சாம்பவியின் பேனா பறந்தது.

கட்டுரை ஒரு சஞ்சிகையில் வந்தது. அதில் பெயரும் இல்லை, தோட்டமும் இல்லை. 'தகவலாளி 14' மட்டும்தான். முன்னறைக் கதிரைகளில் உட்கார முடியாத ஒருத்தி, கம்பி கட்டிய நீல ஸ்டூல். பேராசிரியர் அந்தப் பந்தியை வகுப்பில் வாசித்தே காட்டினார். சாம்பவிக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பக்கத்தைப் படம் பிடித்துத் தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். நம்ம ஆட்களும் பார்க்கட்டுமே! கம்பி கட்டிய நீல ஸ்டூல் உள்ள குசினி தோட்டத்தில் ஒன்றே ஒன்றுதான் என்பது அவளுக்கு உறைக்கவில்லை.

மூன்றாம் நாள் தம்பி வினோஜன் போன் எடுத்தான். "அக்கா, அத்தைய வேலைய விட்டு நிப்பாட்டிட்டாங்க."

பஸ் ஏறி ஓடிவந்தாள். அத்தை வீட்டு வாசலில் கிடந்தது அந்த ஸ்டூல்.

"கிளாக்கர் பொஞ்சாதி டீச்சரம்மாதான் குடுத்து விட்டாங்க" என்றாள் நேசம்மா. "'உன்ர மருமகள் பெரிய படிப்புப் படிச்சு எங்கட குசினிய அளந்துபோட்டாள். இதையும் கொண்டு போ'ன்னாங்க."

"நான் உங்க பேரப் போடலியே அத்தை."

"பேர மறைச்சியே, ஸ்டூல மறைக்கக் கூடாதா?"

"அது உங்களுக்கு அவமானம். அத எழுதாம..."

"அவமானமா? ஏழு வருஷம் வெறுந்தரையில குந்தினேன்டி. முட்டி தாங்கலன்னு வாயத் தொறந்து கேட்டு வாங்கின ஸ்டூலு அது. அந்த வீட்டுல நான் கேட்டுக் கெடச்சது அது ஒண்ணுதான். அத நீ கேட்டியா?"

கேட்கவில்லை. வினாக்கொத்தில் அந்தக் கேள்வியே இல்லை.

"திங்கக்கெழம காலையில பெரட்டுக்குப் போய்க் கொழுந்து பறிக்கத் திரும்பப் பேரு குடுக்கணும். மலைக்குப் போனா முட்டி என்ன சொல்லுதோ."

வழக்கம்போலக் கட்டிலில் அத்தையை ஒட்டி உட்காரப் போனாள் சாம்பவி. நேசம்மா எழுந்துகொண்டாள். தோட்டத்து ஆபீஸ் ஐயாமார் வந்தால் மட்டும் போடுகிற ஒற்றைக் கதிரையை இழுத்து, முந்தானையால் துடைத்து, அவள் முன்னால் வைத்தாள். பிறகு வாசலுக்குப் போய் நீல ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"ஒக்காருங்க."

சாம்பவி கதிரையில் உட்கார்ந்தாள். இதை எந்த அத்தியாயத்தில் சேர்க்கலாம் என்று புத்தி ஓடியது. அந்தப் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் போலிருந்தது.