வெள்ளையடித்துக் கெடுத்த வீடு

கிறீச்... கிறீச்... என்று ஒரு சத்தம். தெருமுனை திரும்பவில்லை, வீடு இன்னும் கண்ணில் படவில்லை. அதற்குள் வாங்க வந்தவர் நின்றுவிட்டார். "கெணத்து ராட்டினமா அது? இவ்ளோ நேரமா இழுக்கிறாங்களே, கெணறு பாதாளம் வரைக்கும் போவுதா?" என்று கேட்டுவிட்டு அப்படியே திரும்பிப் போனார். விற்கிற வீட்டைத் தயார்செய்யும் தொழிலில் முதல் பாடம் இதுதான்: வீட்டை முதலில் பார்ப்பது காது.

எனக்கு விழுப்புரம் ஜங்ஷனில் ராத்திரி வேலை, ரயில்களைத் தண்டவாளம் மாற்றிவிடுவது. உலகமெல்லாம் ரயிலேறி எங்கேயோ போகும். வழிவிட்டவன் மட்டும் அங்கேயே நிற்பான். காலையில் வந்து படுத்தாலும் கண் மூடாது. கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பானேன் என்று, விலைக்கு வரும் வீடுகளுக்கு ஓடு மாற்றி, ஒட்டடை அடித்து, வெள்ளையடித்துக் கொடுக்கப் பழகிக்கொண்டேன். யாரும் சொல்லித் தரவில்லை. கெடுத்துக் கெடுத்துக் கற்றதுதான்.

ஊரார் வீடெல்லாம் கைமாறிவிட்டன. நின்றுபோனது என் அக்கா கன்னியம்மாவின் திண்டிவனத்து வீடு. தெருவில் கரண்டுக் கம்பம் நட்ட வருஷம் அது. மாமா போன பிறகு அக்கா தனியாக இருந்தாள். விழுப்புரம் ஸ்டேஷனுக்கு எதிரே ஓர் இட்லிக் கடை விலைக்கு வந்தது. பொங்கல் வரைக்கும்தான் பொறுப்பேன் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். வீடு விற்றால் கடை அக்காவுக்கு. இல்லையென்றால் தம்பி என் தயவில் காலம் தள்ளவேண்டும். தம்பியின் தயவு எப்படிப்பட்டது என்று அக்காவுக்குத் தெரியும். வீடு விற்க அலைந்த அன்பர்களே, அவள் பட்ட பாடு உங்களுக்கும் புரியும்.

தாளித்த தண்ணீர்

ராட்டினச் சத்தத்துக்குப் பயந்து ஓடியவர் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டிக்காரர். தரகர் காத்தவராயன் கையைக் காலைப் பிடித்து அடுத்த வாரமே அவரை மறுபடி அழைத்து வந்தார். நான் முந்தின நாளே ராட்டினத்துக்கு விளக்கெண்ணெயைத் தாராளமாக ஊற்றிவைத்திருந்தேன். மண்டிக்காரர் காதைத் தீட்டிக்கொண்டு வந்தார். மூச்சுச் சத்தம்கூட இல்லை. எனக்கு ஒரே பெருமை.

உள்ளே வந்து கூடம் பார்த்தார், கூரை பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். அக்கா சேந்தி, சொம்பில் கொண்டுவந்து கொடுத்தாள். வாயருகே கொண்டுபோனவர் நிறுத்தி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். மேலே வட்டம் வட்டமாக எண்ணெய். சொம்பைப் பதவிசாகக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "தண்ணி நல்லாத்தாம்மா இருக்கும். ஆனா எங்க வூட்ல கொழம்பத்தான் தாளிப்போம், தண்ணியத் தாளிக்கிறதில்ல."

ஒரு விரற்கடை

அடுத்து வந்தவர் ஓய்வுபெற்ற வாத்தியார். மனையடி சாஸ்திரத்தில் பழுத்தவர். கூடத்தைத் தன் காலடியாலேயே அளந்து, "ராஜயோகம்!" என்றார். நல்ல நாள் பார்த்து வீட்டம்மாவோடு வருகிறேன் என்று போனார். எனக்குக் கை சும்மா இருக்குமா? கூடத்துச் சுவர் ஓரிடத்தில் வயிறு தள்ளியிருந்தது. அது தெரியாமலிருக்க இரண்டு பக்கமும் நல்ல கனமாகச் சுண்ணாம்புக் காரை பூசி, சமமாகத் தேய்த்துவிட்டேன்.

வாத்தியார் மனைவியோடு வந்தார். மறுபடி அளந்தார். கடைசி அடி சுவரில் இடித்தது. இன்னொரு தரம் அளந்தார். அதே கதை. ஒரு விரற்கடை குறைந்து, ராஜயோகம் ரோகத்தில் வந்து நின்றது. "இதோ இப்பவே காரையைச் சுரண்டிடறேங்க" என்று பூச்சுக் கரண்டியைத் தூக்கினேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "வேணாம்பா. சுரண்டி எடுத்த ராஜயோகம் நிலைக்காது."

அடுப்பு எரியாத வீடு

இனி கூடத்தைத் தொடுவதில்லை என்று சமையற்கட்டில் இறங்கினேன். எத்தனையோ வருஷத்துப் புகைக்கரி. சுரண்டி, கழுவி, நீலம் கலந்த சுண்ணாம்பில் மூன்று பூச்சு. விளக்கு மாடத்தில் ஏறியிருந்த எண்ணெய்ப் பிசுக்கையும் சாம்பல் போட்டுத் தேய்த்துவிட்டேன். வீடு போகும் வரை உள்ளே புகை கூடாது என்று சொல்லி, அக்காவைத் தோட்டத்தில் மூன்று கல் கூட்டிச் சமைக்க வைத்தேன். "சொந்த வூட்ல நான் ஊர்ப்பயணம் வந்தவ மாதிரி பொங்கித் தின்னுக்கினு இருக்கேன்டா" என்றாள்.

முகையூரிலிருந்து ஒரு குடியானவரும் அவர் மனைவியும் வந்தார்கள். அவருக்கு எல்லாம் பிடித்துவிட்டது. அந்த அம்மாள் சமையற்கட்டுக்குள் போனாள். அடுப்பைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். விளக்கு மாடத்தில் விரலை வைத்துத் தேய்த்து, விரலைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. நேரே வாசலுக்குப் போய்ப் புருஷனைக் கூப்பிட்டாள்: "வௌக்கேத்தாத வூடு, அடுப்பெரியாத வூடு. இங்க இன்னா நடந்துதோ! ஜல்தியா வாங்க, பஸ்ஸு போயிடும்."

அக்கா கைவைத்தாள்

பேச்சு தெருவில் பரவிவிட்டது. பக்கத்தில் இருப்பவர்களே, "பாவம், அந்த வூட்ல ஏதோ இருக்குதாம்" என்றார்கள். இத்தனைக்கும் அதே அக்காவிடம்தான் காலையில் உறைமோர் வாங்கிப் போயிருப்பார்கள். காத்தவராயன் வேர்த்து விறுவிறுத்து வந்தார். "பேஜாரா பூட்ச்சிம்மா. இட்லிக் கடைய வேற ஒருத்தர் கேட்டுக்கினு இருக்காரு. பொங்கல் தாண்டினா அவருக்குத்தான்."

அக்கா தோட்டத்திலிருந்த மூன்று கல்லையும் காலால் தள்ளிவிட்டு உள்ளே போனாள். சவுக்கு விறகை அடுப்பில் திணித்து ஊதினாள். என் வெள்ளைச் சுவரில் முதல் புகை ஏறியபோது எனக்கு வயிறெரிந்தது. "அக்கா, நீலம் போட்டு அடிச்சதுக்கா!" என்றேன். ஊதுகுழலை வாயிலிருந்து எடுத்துச் சொன்னாள்: "நீ ரயிலுக்கு வழி வுடு. என் வூட்டுக்கு வுடாதே."

அன்று முதல் மூன்று வேளையும் அடுப்பு அணையவில்லை. கடைக்குப் பழகிக்கொள்கிறேன் என்று படிக்கணக்கில் மாவரைத்து, இட்லி அவித்துத் தெருவுக்கே கொடுத்தாள். வீட்டில் ஏதோ இருப்பதாகச் சொன்னவர்கள் கிண்ணத்தோடு வந்து நின்றார்கள்.

விக்கிரவாண்டிக்காரர்

போகிப் பண்டிகைக்குச் சில நாள் முன்பு, விக்கிரவாண்டி லாரிக்காரர் மனைவியோடு வந்தார். நான் கூடத்தைக் காட்ட ஆரம்பித்தேன். அந்த அம்மாளின் மூக்கு வேறு பக்கம் போய்விட்டது. உள்ளே அக்கா ஆட்டுக்கல்லில் உளுந்து அரைத்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் ஓர் ஈடு இட்லி வெந்துகொண்டிருந்தது.

"புகை கண்ணக் கரிக்குமாக்கா?" என்று கேட்டாள் அந்த அம்மாள்.

"என் கண்ணப் பாரு. செவந்திருக்குதா? எல்லாம் அந்த ஓட்டுச் சந்து வழியா போயிடும். ஒக்காரு, சூடா ரெண்டு துன்னு."

அவள் தரையில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்துகொண்டு சாப்பிட்டாள். வாசலில் நின்ற லாரிக்காரருக்கும் தட்டு போயிற்று. "கெணறு, மனை அளவு எல்லாம் பார்க்கலீங்களா?" என்று நானே கேட்டுவிட்டேன். கூட வந்திருந்த காத்தவராயன் என் காலை மிதித்தார். லாரிக்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி எழுந்து கை கழுவினாள். முதுகெல்லாம் சுவர்க் கரி. சாயங்காலமே தாம்பூலத்தோடு அட்வான்ஸ் கைமாறியது. கிளம்பும்போது அந்த அம்மாள் என் பக்கம் திரும்பி, "இந்த அடுப்புலயேதான் நாங்க பால் காய்ச்சுவோம். தயவு பண்ணி நீங்க வெள்ளை மட்டும் அடிச்சிடாதீங்க" என்றாள்.

இத்தனை வீடு தேய்த்துக் கழுவி நான் கண்டது: சுத்தமான வீட்டைப் புகழ்ந்துவிட்டுப் போகிறார்கள், பசியெடுக்கிற வீட்டை வாங்கிக்கொள்கிறார்கள். இட்லிக் கடையைப் பேசி முடிக்கக் காத்தவராயன் விழுப்புரம் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். அக்கா தாம்பூலத் தட்டைப் பலகைமேல் வைத்துவிட்டு, பாதியில் நின்ற உளுந்தில் தண்ணீர் தெளித்து, குழவியைப் பிடித்து ஆட்டத் தொடங்கினாள்.