கண்டக்டர் அண்ணனின் முதுகு

டிரைவர் சீட்டுக்கு மேலே மாட்டியிருந்த உள்கண்ணாடியில் பதினோரு வருஷம் நான் பார்த்த முகம் கண்டக்டர் அண்ணனுடையது. மதுரையிலிருந்து கீழக்குயில்குடிக்குப் போகும் எங்கள் டவுன் பஸ்ஸில் எவ்வளவு கூட்டம் ஏறினாலும், அத்தனை தலைகளுக்கும் மேலே அவர் தலை தெரியும். படியில் ஏறும்போதே குனிந்துதான் உள்ளே வருவார். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஒரு மழைக்காலத்தில், ஒருநாள் கண்ணாடியைப் பார்த்தால் அந்த முகத்தைக் காணோம். திரும்பிப் பார்த்தேன். அவர் கூட்டத்துக்குள்தான் நின்றிருந்தார். கம்பியைப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். ஆள் குட்டையாகிவிட்டார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இளவயதிலிருந்தே அவருக்கு மூச்சிழுப்பு உண்டு. அதற்காக லீவு போட்டவர் இல்லை. மருந்துக் கடையில் யாரோ எப்போதோ கொடுத்த சின்ன வெள்ளை மாத்திரையை, டாக்டர் சீட்டு இல்லாமலே வாங்கி, இருபது வருஷமாகப் போட்டுவந்தார். போட்ட அன்றைக்கே மார்பு லேசாகிவிடும் என்பார். அது ஸ்டீராய்டு என்பதும், எலும்பை உள்ளுக்குள்ளேயே மெலியவைக்கும் என்பதும் எங்கள் இருவருக்கும் தெரியாது.

அந்த மழைக்காலத்துக்கு இரண்டு மாதம் முன்பு, கீழக்குயில்குடிக்குச் சாலை பிரியும் விலக்கருகே புதிதாகப் போட்டிருந்த வேகத்தடையை நான் கவனிக்காமல் ஏற்றி இறக்கிவிட்டேன். பஸ் தூக்கிப் போட்டது. கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்த அண்ணன் "அம்மா" என்றது எனக்குக் கேட்டது. மூச்சுப்பிடிப்பு என்று சொல்லித் தைலம் தேய்த்துக்கொண்டு மறுநாளும் வேலைக்கு வந்தார். அதன்பிறகு அவர் விசில் சத்தம் சன்னமாகிக்கொண்டே போனது. ஒரு வரியை மூன்றாக உடைத்துப் பேசினார். இழுப்பு முற்றிவிட்டது என்று நினைத்து மாத்திரையை இரண்டாக்கினார். கண்ணாடியில் முகம் காணாமல்போன அந்த வாரமே நெஞ்சு டாக்டரிடம் நான் வற்புறுத்தி அழைத்துப்போனேன்.

டாக்டர் ஒரு குழாயைக் கையில் கொடுத்து, மூச்சை நிறைய இழுத்து ஊதச் சொன்னார். அண்ணன் பாதி இழுப்பதற்குள் முகம் சுருங்கி முதுகில் கைவைத்தார். மார்பில் இழுப்புச் சத்தம் அவ்வளவாக இல்லையே என்று யோசித்த டாக்டர், முதுகை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். இரண்டு எலும்புகள் முன்பக்கம் நசுங்கி, ஆப்பு மாதிரி ஆகியிருந்தன. முதுகு கூன் விழுந்ததில் விலாக்கூடு வயிற்றின்மேல் இறங்கிவிட்டது, நுரையீரல் விரிய இடம் போதவில்லை, வலிக்கும் என்ற பயத்தில் இவர் ஆழ மூச்சு இழுப்பதையே விட்டுவிட்டார் என்று அவர் விளக்கினார்.

பெல்ட் போட்டும், ஓய்வெடுத்தும், வலி மாத்திரை சாப்பிட்டும் இரண்டு மாதம் போனது. குறையவில்லை. கடைசியில் எலும்பு டாக்டர் ஒரு வழி சொன்னார். முதுகில் ஊசி இறக்கி, நசுங்கிய எலும்புக்குள் சிமெண்ட் போல இறுகும் பசையைச் செலுத்துவது. வலி குறைய வாய்ப்பிருக்கிறது, போன உயரம் முழுசாகத் திரும்பாது, மூச்சு எவ்வளவு திரும்பும் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்றார். இழுப்புக்காரர் அவ்வளவு நேரம் குப்புறப் படுத்திருக்க வேண்டும், அதுவே ஆபத்துதான் என்பதையும் மறைக்கவில்லை. அண்ணி அழுதுவிட்டார். அண்ணன்தான் நிதானமாகச் சொன்னார்: "நாலு மாசமா பாதி மூச்சுலயே கெடக்கேன். மீதியக் கேட்டுப் பாத்துட்டு வாரேன்."

சிகிச்சைக்கு முதல்நாள் சாயங்காலம் வார்டில் அவர் கட்டிலருகே உட்கார்ந்து, அன்றைக்கு வேகத்தடையைக் கவனிக்காமல் எலும்பை ஒடித்தது நான்தான் என்று சொல்லிவிட்டேன். அதுவரை நான் சரியாகச் சாப்பிட்டுப் பல நாளாகியிருந்தது. அவர் சிரிக்கப் போய், வலியில் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்ள, நீ குலுக்குனதுல ஒடிஞ்சதுன்னா, அன்னைக்கு பஸ்ல வந்த அம்புட்டுப் பேரும் இங்கதான படுத்திருக்கணும்?"

கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "அந்த மாத்திரையக் கடையில கேட்டு வாங்கித் தின்னது நான்தான்" என்றார்.

மறுநாள் முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. அன்று சாயங்காலமே யார் கையும் பிடிக்காமல் ஒருக்களித்துப் படுத்தார். ஆறு வாரம் கழித்து அதே குழாயில் ஊதியபோது அளவு கூடியிருந்தது. பெரிதாக இல்லை, ஆனாலும் கூடியிருந்தது. நுரையீரல் பழைய நுரையீரல்தான், அது விரிவதற்கு வலி இப்போது தடுக்கவில்லை என்றார் டாக்டர். மாத்திரையை அவர் சொன்னபடி அண்ணன் மெல்லக் குறைத்து, வாயில் வைத்து உறிஞ்சும் இன்ஹேலருக்கு மாறினார். பஸ்ஸுக்குத் திரும்ப முடியவில்லை. பஸ் நிலையத்தில் நேரம் குறிக்கும் வேலை கிடைத்தது. அங்கே மைக்கில் ஊர்ப் பெயர்களை அறிவிப்பார். ஆரம்பத்தில் மூன்று ஊரோடு நிறுத்தி மூச்சு வாங்குவார். பிறகு ஐந்து ஊர் வரைக்கும் வந்தார். நான் பஸ்ஸை எடுக்கும் முன் அதை எண்ணிக்கொண்டுதான் கிளம்புவேன். அதற்குப் பின் ஒன்பது வருஷம் இருந்தார். போனது வேறு நோயில்.

சென்ற மாதம் எனக்கும் எலும்புப் பரிசோதனை செய்தார்கள். குடும்பத்தில் யாருக்காவது எலும்பு மெலிவு உண்டா என்று அந்தச் சின்ன வயது டாக்டர் கேட்டார்.

"எங்க அண்ணனுக்கு இருந்துச்சு" என்றேன்.

நான் ஒற்றைப் பிள்ளை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி அதைத் திருத்தவில்லை.