தூக்கத்தில் அடைத்த மதகு

போன வாரம் ஒரு மதியம். சாப்பாடு முடிந்து என் வீட்டுக்காரர் ஹாலில் பாயை விரித்துப் படுத்துவிட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அவர் தலைமாட்டில் செல்போன் அடித்தது. கண்ணைத் திறக்காமலே எடுத்துக் காதில் வைத்தார்.

அந்தப் பக்கம் யாரோ ஒரு பெண். பேசியது ஒரே ஒரு வரிதான். உடனே இவர் கத்தினார் —

"வர்ற வழியை அடை. ஆளையெல்லாம் மேல ஏத்து. மோட்டார் அத்தனையும் போடு."

போனைத் தலையணைக்குக் கீழே தள்ளினார். புரண்டு படுத்தார். உடனே குறட்டை.

நான் கீரையிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை. ஏன் நிமிர்த்த வேண்டும்? கல்யாணமான புதிதிலிருந்து கேட்கும் வசனம் ஆயிற்றே. போன் வந்தாலும் கத்துவார், வராவிட்டாலும் கத்துவார்.

ஆனால் இந்தத் தடவை அந்தக் கத்தலால் ஒரு ஏரியின் மதகு மூடிக்கொண்டது. சாயங்காலம் ஊர்க்காரர்கள் எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். இவருடைய பதவியே ஆட்டம் கண்டது.

என்ன பதவி என்கிறீர்களா? நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்தின் ஆட்சி மண்டலத் தொகுதி உறுப்பினர். ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கப்பட்ட பதவி. இதைச் சொல்லி முடிப்பதற்குள் வாய்க்காலில் தண்ணீர் நின்றுவிடும் என்பதால் ஊரில் சுருக்கமாக 'டைரக்டர்' ஆக்கிவிட்டார்கள். இப்போது நாங்கள் இருக்கும் மந்தாரக்குப்பத்தில், பக்கத்து வீட்டுப் பெண் குடிவந்த புதிதில் என்னிடம் ரகசியமாகக் கேட்டாள், "சார் எந்தப் படம் எடுத்திருக்காருங்க?"

படமெல்லாம் இல்லை. நெய்வேலிச் சுரங்கத்தில் பம்ப் செக்ஷன் இன்ஜினியராக இருந்து ரிட்டயர் ஆனவர். கம்மாபுரம் பக்கம் ஒரு ஏரிப் பாசனத்தில் ஒரு ஏக்கர் வாங்கினார். சங்கத் தேர்தல் வந்தது. "மைன்ஸ்லேர்ந்து நம்ம ஏரிக்குத் தண்ணி அனுப்பினதே இந்த சார்தான்" என்று பிடித்து நிறுத்திவிட்டார்கள். ஜெயித்தும் விட்டார்.

அனுப்பினாராம்... உண்மை என்ன தெரியுமா? இவர் தண்ணீரை அனுப்பவே இல்லை. துரத்தினார்.

சுரங்கத்தில் தோண்டத் தோண்டக் கீழிருந்து ஊற்று பொங்கும். மேலே மழை வேறு. இடைவிடாமல் இறைத்து வெளியே தள்ளினால்தான் உள்ளே ஆள் நின்று வேலை பார்க்க முடியும். தள்ளிய தண்ணீர் எங்கே போகிறது என்று சர்வீஸ் முழுக்க இவர் திரும்பிப் பார்த்ததில்லை. அது பாட்டுக்கு வாய்க்கால் வழியாகப் போய் ஏரிகளை நிரப்பி, நெல்லாக விளைந்துகொண்டிருந்திருக்கிறது. ரிட்டயர் ஆனபின் நிலம் பார்க்கப் போன இடத்தில்தான் அந்த வாய்க்காலைப் பார்த்தார். "இது நம்ம தண்ணியாச்சே" என்று செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி நின்றுவிட்டார். புரோக்கர் சொன்ன மற்ற நிலம் எதையும் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

எனக்கோ தண்ணீர் என்றால் நாங்கள் முன்பு இருந்த நெய்வேலி நகரியம்தான். எங்கள் குவார்ட்டர்ஸ் குழாயில் மார்கழி மாதக் காலையிலும் தண்ணீர் வெதுவெதுப்பாக வரும். பூமிக்குள் அவ்வளவு ஆழத்திலிருந்து வருகிறதல்லவா? வெந்நீர் போடுவது என்ற வேலையே எனக்கு மறந்துபோயிருந்தது. பின்பக்கம் மாமரம், பலா, வாழை, கனகாம்பரம் — எதை நட்டாலும் வந்தது. ஊரிலிருந்து வரும் என் அக்கா, குழாயடியிலேயே நின்றுகொண்டு, "மூடவே வேணாமா?" என்று கேட்பாள். மதுரைப் பக்கம் குடத்தோடு அலைந்தவள். அவள் முன்னால் குழாயைத் திறந்துவிட்டுப் பெருமையாக நிற்பேன். இப்போது மோட்டார் போட்டு டேங்க் நிறைகிறதா என்று மாடியேறிப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் குழாயடிதான் ஞாபகம் வருகிறது.

ஆனால் அந்த வீட்டில்தான் அந்தக் கறுப்பு போனும் இருந்தது. கம்பெனி போன். ஐப்பசி பிறந்தால் நான் அதைப் பார்க்கவே பயப்படுவேன். அடிக்கும். எடுப்பார். அந்தப் பக்கம் யாராவது சொல்வார்கள் — "சார், தண்ணி வந்துடுச்சு."

அவ்வளவுதான். கையில் இருந்த சோறு தட்டில். ரெயின்கோட், கம்பூட்ஸ், ஜீப். பிறகு எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது. தீபாவளிக்கு மழை இல்லாத வருடம் உண்டா? எண்ணெய் தேய்த்துக் குளித்துப் புதுச்சட்டை போட்டதும் போன் வரும். எங்கள் பெரிய பையன் பட்டாசுப் பையைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்பா வந்ததும் வெடிக்கலாம்மா" என்பான். எதிர் குவார்ட்டர்ஸ் மாலதி ஜன்னல் வழியாகக் கேட்பாள், "உங்க வீட்ல போன் வந்துச்சாக்கா? இங்கயும் வந்துடுச்சு." இரண்டு வீட்டுப் பிள்ளைகளையும் ஒன்றாக உட்காரவைத்து இட்லி போடுவோம். அவள் திருச்சி, நான் மதுரை. அந்த மழைக்கால இட்லிகளில்தான் சொந்தக்காரர்கள் ஆனோம். அவளும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு ஸ்ரீரங்கம் போய்விட்டாள்.

நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்கும்போதுதான் இந்தக் கத்தல் ஆரம்பித்தது. வர்ற வழியை அடை, ஆளை மேல ஏத்து, மோட்டாரைப் போடு... முதல் தடவை கேட்டபோது பயந்துபோய்க் கட்டில் மேல் ஏறி நின்றேன். ரிட்டயர் ஆகிற அன்றைக்கு குவார்ட்டர்ஸ் சாவி, ஐ.டி. கார்டு எல்லாவற்றையும் திருப்பி வாங்கிக்கொள்கிறார்கள். மனதுக்குள் இருக்கிற பயத்தை மட்டும் வாங்கிக்கொள்வதில்லை. அதை நாம்தான் மூட்டையோடு மூட்டையாகப் புது வீட்டுக்குக் கொண்டுவர வேண்டியிருக்கிறது.

சரி, மதகுக்கு வருகிறேன்.

இவர் வாங்கிய ஏக்கர் தலைமடையில் இருக்கிறது, மதகை ஒட்டி. கடைசியில் இருக்கும் கடைமடை வயல்களுக்கு எப்போதுமே தண்ணீர் எட்டாது. தேர்தலில் இவர் கொடுத்த ஒரே வாக்கு — இந்தப் போகம் கதிர் தள்ளும் நேரத்தில் கடைமடைக்கே முதல் முறைத் தண்ணீர். தலைமடைக்காரர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். இவர் அசையவில்லை. தன் ஏக்கருக்குப் போகும் மடையையும் அடைத்துவிட்டு, மதகைத் திறக்கச் சொன்னார். வெடித்துக் கிடந்த வாய்க்காலில் தண்ணீர் ஊர்ந்து ஊர்ந்து போய்க் கடைமடையை எட்டியது. எட்டிய அந்த மதியம்தான், அங்கே வயல் வைத்திருக்கும் அஞ்சலை சந்தோஷம் தாங்காமல் இவருக்குப் போன் போட்டிருக்கிறாள்.

என்ன சொல்லியிருப்பாள்? "சார், தண்ணி வந்துடுச்சு."

இவர் அடைக்கச் சொல்லிவிட்டார். அவள் மதகு பார்க்கிற கொளஞ்சிக்குத் தகவல் சொன்னாள். கொளஞ்சி சொன்ன சொல் தட்டாத மனிதர். அடைத்துப் பூட்டிவிட்டு, சாவியோடு விருத்தாசலத்தில் மகள் வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டார். போனும் சுவிட்ச் ஆப்.

சாயங்காலம் அஞ்சலையின் புருஷன் கலியமூர்த்தி நாலைந்து பேரோடு வந்தார். காபி வேண்டாம் என்றார்கள். அதிலேயே எனக்கு விஷயம் பெரிதென்று புரிந்துவிட்டது.

"ஏன் சார் அடைச்சீங்க?"

"எதை?"

"மதகத்தாங்க. ரெண்டு வரப்பு நனையல, அதுக்குள்ள அடைக்கச் சொல்லிட்டீங்க."

"நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்றார் இவர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சும்மா இருந்தால் இவர் பொய் சொன்னதாக ஆகும். வாயைத் திறந்தாலும் அப்படித்தான் ஆகும். திறந்தேன். "ஏங்க... சொன்னீங்க. தூக்கத்துல சொன்னீங்க."

கலியமூர்த்தி என்னையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை. "தூக்கத்துல யாராச்சும் மதக அடைக்கச் சொல்லுவாங்களா சார்? உங்க ஏக்கரும் மேலதான கெடக்குது. தலமடைக்காரங்க வந்து பேசியிருப்பாங்க. அத நேரா எங்ககிட்ட சொல்லியிருந்தா நாங்க பாட்டுக்குப் போயிருப்போம். நம்பி ஓட்டுப் போட்டுட்டமே, அதாங்க" என்றார். கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

இவர் ராத்திரி சாப்பிடவில்லை. சர்வீஸில் ஒரு மெமோ வாங்காத மனுஷன். "காலையில ராஜினாமாவைக் கொடுத்துடறேன்" என்றார்.

"முதல்ல மதகைத் திறங்க. கதிர் உங்க ராஜினாமாவுக்காகக் காத்துக்கிட்டு நிக்காது" என்றேன். எரிச்சலில் சொன்னதுதான். ஆனால் அழுகையும் வந்தது.

விடிந்ததும் விருத்தாசலம் பஸ்ஸில் வந்து இறங்கிய கொளஞ்சியை மடக்கி, மதகைத் திறக்கவைத்தோம். அப்படியே ஸ்கூட்டியில் கரையோரமாகக் கடைமடைக்குப் போனோம். என்னை எதற்குக் கூட்டிப் போனார்? சாட்சிக்குத்தான். பெண்டாட்டி சாட்சி எந்த ஊரில் செல்லும்?

வரப்பில் ஆட்கள் நின்றிருந்தார்கள். கலியமூர்த்தி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு வாய்க்காலையே பார்த்தார். இவர் தொண்டையைச் செருமினார். நான் அஞ்சலையிடம் போனேன்.

"அஞ்சலை, நேத்து சார் என்ன சொன்னார்னு அப்படியே சொல்லு. ஒரு வார்த்தை விடாம சொல்லு."

அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு யோசித்தாள். "நாங்க வரப்புல புல் அறுத்துக்கினு இருந்தோங்கம்மா. தண்ணி வந்துதா, ஓடிப்போயி போன் போட்டேன். 'வர்ற வழிய அடை'ன்னாரு. 'ஆளயெல்லாம் மேல ஏத்து'ன்னாரு. பாம்பு கீம்பு வருதோன்னு எல்லாரும் ரோட்டு மேல ஏறி நின்னுக்கினோம். அப்புறம் மோட்டார் அத்தனையும் போடுன்னாரு. எங்ககிட்ட ஏதுங்கம்மா மோட்டாரு?"

கலியமூர்த்தி தலையை நிமிர்த்தினார். "மோட்டார் அத்தனையும் போடுன்னாரா? இத ஏன் நீ எங்கிட்ட சொல்லல?"

"அடைக்கச் சொன்னாருன்னதுமே நீ துண்ட ஒதறிக்கினு கெளம்பிட்ட. எங்க சொல்ல வுட்ட?"

கலியமூர்த்தி இவரை நேராகப் பார்த்தார். அவரும் வருடக்கணக்கில் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தவர், மழைக்காலத்தில் பம்ப் ஓஸ் குழாய் தூக்கியவர். இவரைப் போன்றவர்கள் மேலே நின்று இதே உத்தரவைக் கத்தும்போது கீழே சேற்றில் நின்று கேட்டவர். அவர் வாயோரம் லேசாகக் கோணியது. சிரிப்பை அடக்குகிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"சார்... நீங்க தூங்கிக்கினுதான் இருந்திருக்கீங்க."

"அதைத்தான்யா நேத்தே சொன்னோம்" என்றார் இவர்.

அஞ்சலை விடவில்லை. "எங்க வூட்டு ஆளு மட்டும் என்னங்கம்மா? நடு சாமத்துல 'ஓஸப் புடி, ஓஸப் புடி'ன்னு எங்காலப் புடிச்சு இழுக்கும். போன ஐப்பசியில கட்டில்லேர்ந்து கீழ தள்ளிடுச்சு." பக்கத்தில் நின்ற இன்னொரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "எங்க வூட்ல கரி பெல்ட்டு ஓடுது ஓடுதுன்னு கத்தும்" என்றாள். அதற்குமேல் யாரால் அடக்க முடியும்? வரப்பு முழுக்கச் சிரிப்பு. ஆண்கள்தான் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இத்தனை வருடம் நான் ஒருத்திதான் இப்படி என்று நினைத்திருந்தேன். நகரியத்துக் கட்டிலிலும் கிராமத்துக் கட்டிலிலும் ஒரே சுரங்கம்தான் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

அப்போது வாய்க்காலில் நுரையும் சருகுமாகத் தண்ணீர் வந்தது. வெடிப்புகளில் இறங்கி, நிரம்பி, மெதுவாக அஞ்சலை வயலுக்குள் திரும்பியது. பயிர் அசைந்தது. இவர் பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டு நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். தண்ணீர் வருகிறது, யாரும் ஓடவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது. தூசி என்றார். ஈர வயலில் ஏது தூசி?

ராஜினாமா பேச்சை இவர் ஆரம்பித்தபோது கலியமூர்த்தி முடிக்கவிடவில்லை. "அதெல்லாம் ஒண்ணும் வேணாங்க சார். நாளைக்கி மொற யாருக்குன்னு சொல்லுங்க" என்றார்.

அஞ்சலை மட்டும் ஒரு நிபந்தனை போட்டாள். "இனிமே மத்தியானத்துல சாருக்குப் போன் போடக் கூடாது. அம்மாவுக்குத்தான் போடணும். அம்மா சொன்னாத்தான் மதகு." எல்லோரும் சரி என்றார்கள். கொளஞ்சி என் நம்பரை வாங்கி, 'டைரக்டர் அம்மா' என்று போட்டுக்கொண்டார்.

ஆக... பதவி அவருக்கு, போன் எனக்கு. தூக்கம்? அதுவும் அவருக்குத்தான்.