இரண்டாவதாக வந்த ரிப்போர்ட்

அக்காவின் கழுத்தில் ஒரு கட்டி வந்து, அது என்ன கட்டி என்று தெரியாமல் நாங்கள் தவித்துக்கொண்டிருந்த வாரம் அது. எனக்கு எங்கேயும் இருப்புக்கொள்ளவில்லை. சாதாரண நாளிலேயே லிஃப்ட் வரும்வரை நிற்கப் பொறுமையில்லாமல் படியேறுகிற ஆள் நான். கட்டியில் ஊசியால் குத்திக் கொஞ்சம் எடுத்துப்போயிருக்கிறார்கள், ரிப்போர்ட் வரும்போது வரும் என்றால் எப்படி உட்கார்ந்திருப்பது?

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த ரிப்போர்ட்டை அக்காவின் போனுக்கு அனுப்பவேண்டிய மென்பொருள் நான் எழுதியது. தில்லை நகரில் ஒரு மாடியில் எங்கள் ஆபீஸ். நானும், லால்குடியிலிருந்து தினமும் ரயிலில் வந்துபோகும் ஒரு பெண்ணும்தான் அங்கே முழுநேர ஆட்கள். அக்கா டெஸ்ட் எடுத்துக்கொண்ட லேப் எங்கள் வாடிக்கையாளர்.

அந்த மென்பொருளுக்குக் காலை வேளையே ஆகாமல் இருந்தது. வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வருகிற கூட்டம் விடிந்ததுமே சேர்ந்துவிடும். கவுன்டரில் ஒருவர் பட்டனைத் தட்டினால், எங்கள் சர்வர் ரிப்போர்ட்டைத் தயார்செய்து, போனுக்கு அனுப்பி, அது போய்ச் சேர்ந்ததா என்று பார்த்த பிறகுதான் அடுத்த வேலையைத் தொடும். நாலு பேர் ஒன்றாகத் தட்டினால் திரை அப்படியே நின்றுபோகும். லேப் மானேஜர் போனில் கத்துவார். நான் மேஜைக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டே பதில் சொல்வேன்.

கடைசியில் வேலையைப் பிரித்தோம். சர்வர் இனிமேல் ‘இன்னாருக்கு இன்ன ரிப்போர்ட்’ என்று வரிசையில் ஒரு சீட்டைப் போட்டுவிட்டு உடனே கவுன்டர் பக்கம் திரும்பிவிடும். சீட்டை எடுத்து வேலையை முடிப்பது பின்னால் தனியாக ஓடும் ‘ஒர்க்கர்’ என்ற குட்டிப் புரோகிராம்கள். பந்தியில் இலை போடுகிறவர் வேறு, பரிமாறுகிறவர் வேறு இல்லையா, அந்த மாதிரி. முதலில் ஒரே ஒரு ஒர்க்கர்தான் வைத்தோம். வரிசை நீண்டுகொண்டே போனது. எனக்குப் பொறுக்குமா? எட்டாக்கினேன். ஏதாவது ஒரு ரிப்போர்ட் போகாவிட்டால் அது கொஞ்சம் ஒதுங்கி நின்று மறுபடி முயலும். அப்போதும் போகாவிட்டால் இன்னும் அதிக நேரம் ஒதுங்கி நிற்கும். மற்றவை அதற்காகக் காத்திராமல் போய்க்கொண்டே இருக்கும். மானேஜரின் போன் நின்றது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

லால்குடிப் பெண் மட்டும் கேட்டாள். “சார், ஒரே பேஷன்ட்டுக்கு ரெண்டு ரிப்போர்ட் போனா? முதல்ல போட்டது மாட்டிக்கிட்டு நின்னா, அப்புறம் போட்டது முந்திக்கிட்டுப் போயிடுமே?”

“எத்தனை பேருக்கும்மா ரெண்டு ரிப்போர்ட் போகப்போகுது? அடுத்த மாசம் பார்த்துக்கலாம்” என்றேன். அவள் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போனாள்.

அந்த வார வெள்ளிக்கிழமை மதியத்துக்குச் சற்று முன்னால் அக்காவின் எண்ணிலிருந்து போன். பேசியது அத்திம்பேர், அக்காவின் கணவர். அவர்கள் இருப்பது ஸ்ரீரங்கத்தில், சித்திரை வீதிக்குப் பின்னால் ஒரு ஃபிளாட்டில்.

“மொதல்ல ஒரு மெசேஜ் வந்துதுடா. சந்தேகப்படும்படியா இருக்கு, உடனே சர்ஜனைப் பாருங்கோன்னு. எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. இப்போ இன்னொண்ணு வந்திருக்கு. சாதாரணக் கட்டிதான், பயமில்லைன்னு போட்டிருக்கா. தப்பைத் திருத்தி அனுப்பியிருக்கா போலிருக்கு. பெருமாள் காப்பாத்திட்டார்டா!”

அவர் குரல் உடைந்தது. எனக்கும் கண் கலங்கிவிட்டது. இன்றைக்குத் திருக்கண்ணமுது, தானே பண்ணப்போவதாகச் சொன்னார். எங்கள் வீடுகளில் பாயசத்துக்கு அதுதான் பேர். போனை வைத்ததும் கீழே கடையில் டீ சொன்னேன். டீ வந்ததும் லால்குடிப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளும் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

“சார், ரெண்டு மெசேஜா வந்துச்சு?”

டீ கிளாஸ் என் கையிலேயே இருந்தது. பின்னால் வந்த செய்தி பின்னால் எழுதப்பட்டது என்று அத்திம்பேர் நினைக்கிறார். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். அப்படி இல்லாமலும் இருக்கலாம் என்று தெரிந்த இரண்டே பேர் அந்த அறையில் இருந்தோம்.

நோயாளியின் ரிப்போர்ட்டை எங்களால் திறந்து பார்க்க முடியாது. எந்தச் சீட்டு எப்போது வரிசைக்கு வந்தது, எப்போது போனது என்பது மட்டும் தெரியும். ஸ்ரீரங்கத்தில் பிறந்தும் கோயில் பக்கம் அதிகம் போகாதவன் நான். திரையில் அந்த விவரம் திறக்கிறவரை கண்ணை மூடி வேண்டிக்கொண்டேன். திறந்தது. அக்காவின் எண்ணுக்கு இரண்டு சீட்டுகள். காலையில் முதலில் போட்டது போகாமல் விழுந்து, ஒதுங்கி நின்று, மறுபடி விழுந்து, மறுபடி ஒதுங்கி நின்று, கடைசியில் போயிருக்கிறது. அதற்குள் இரண்டாவது சீட்டு வந்து, வேறொரு ஒர்க்கரிடம் சிக்கி, நொடியில் போய்விட்டிருக்கிறது.

லால்குடிப் பெண் லேபுக்குப் போன் போட்டாள். அங்கே பெரிய டாக்டர் மைக்ரோஸ்கோப்பில் ஸ்லைடை மறுபடி பார்த்து ரிப்போர்ட்டை மாற்றினார் என்றார்கள். ‘பயமில்லை’ என்பதுதான் பழசு.

“எல்லா ஒர்க்கரையும் நிறுத்திடட்டுமா சார்?”

“நிறுத்தும்மா. வேற யாருக்காவது இப்படிப் போயிருக்கான்னு பாரு, லேபுக்குச் சொல்லிடு” என்றேன். எனக்கு என்மேலேயே அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. அந்த எட்டையும் ஒவ்வொன்றாகப் போட்டு மிதிக்க வேண்டும் போலிருந்தது. மிதிக்க அவற்றுக்கு உடம்பு இல்லை.

போனிலேயே சொல்லியிருக்கலாம். போனை எடுத்து எடுத்து வைத்தேன். அத்திம்பேர் எடுத்துவிட்டால்? வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. காவிரிப் பாலத்தில் ஒரு டவுன் பஸ்ஸுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ஹாரனை விடாமல் அடித்தேன். பஸ் நகர்ந்தபோது நான் நகரவில்லை. சீக்கிரம் போகவும் வேண்டும், போய்ச் சேராமலும் இருக்க வேண்டும். “என்னங்க, போறீங்களா இல்லையா?” என்று பின்னாலிருந்து ஒரு ஆட்டோக்காரர் கத்தினார்.

கதவைத் திறந்தது அக்கா. உள்ளேயிருந்து வெல்லமும் ஏலக்காயும் கலந்த வாசனை. அத்திம்பேர் ஏதோ பாசுரத்தை முணுமுணுத்துக்கொண்டே கிளறும் சத்தம் கேட்டது. அக்கா என்னை உள்ளே விடவில்லை. தானே வெளியே வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, மாடிப்படி அருகில் நின்றாள்.

“ரெண்டு ரிப்போர்ட்லயும் எழுதின டயம் போட்டிருக்குடா. திறந்து பார்த்தேன். அவர் பார்க்கலை” என்றாள்.

“தெரிஞ்சுண்டே ஏன் அவரைப் பேச விட்டே?”

“உனக்குத்தானே அந்த மெஷின் தெரியும்? டயம்தான் தப்பா விழுந்திருக்கு, நீ ஒண்ணும் பயப்படாதேன்னு சொல்லுவியோன்னு பார்த்தேன். அப்போலேர்ந்து போனைக் கையிலயே வெச்சிண்டு உட்கார்ந்திருக்கேன். நீ போன் பண்ணியிருந்தா நல்ல சேதி. நேர்ல வந்துட்டியே.”

அக்கா புடவைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்தாள். அப்போதுதான் நான் அழுதுகொண்டிருப்பது எனக்கே தெரிந்தது.

“அவர்கிட்ட நான் சொல்லிக்கறேன். நீ பக்கத்துல இரு, போறும்” என்றாள்.

“யாரு, வந்துட்டானா? வாடா உள்ளே, சூடா இருக்கு!” என்று அத்திம்பேர் குரல் கொடுத்தார்.

அக்கா கதவைத் திறந்துகொண்டு எனக்கு முன்னால் போனாள். நேரே சமையலறைக்குள் போய், அவர் கையிலிருந்த கரண்டியை வாங்கிக் கீழே வைத்தாள்.